நொகாமி வீட்டுத் தண்ணீரைப் படம் பிடித்த விவரம்

2014ஆம் ஆண்டு அக்டோபர் எட்டாம் நாள், புதன்கிழமை. காலை முதல் மேகமற்ற வானம். நண்பகலில் இருபத்து மூன்று டிகிரி. தென்மேற்கிலிருந்து இலேசான காற்று. அதற்கு முந்தைய பதினொரு நாள்களில் ஹினோசே ஊரில் ஒரு துளி மழையும் பெய்திருக்கவில்லை. அன்று பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கீழ்க்கரைத் தெருவில் நொகாமி ஷிகேசோவின் வீட்டுக்குள் மட்டும் வெள்ளம் புகுந்து, தரையிலிருந்து நூற்று அறுபத்து நான்கு சென்டிமீட்டர் உயரம் வரை ஏறி நின்று, நான்கு மணிக்கு வடிந்தது. இடப்பக்க வீட்டு மாடியில் வெயிலுக்குப் போட்டிருந்த மெத்தைகள் நன்றாகக் காய்ந்தன. வலப்பக்கத்தில் முடிதிருத்தும் கடை நடத்தும் இவாசே தோக்கி என்னும் எழுபத்தொரு வயதுப் பெண்மணி, வாடிக்கையாளர் ஒருவரின் பிடரியைச் சவரக்கத்தியால் மழித்துக்கொண்டிருந்தார். சன்னல் வழியே ஒரு முறை பார்த்துவிட்டு, மழித்து முடித்தார். அன்று நொகாமியின் மனைவி கினுயோ இறந்த நாற்பத்தொன்பதாம் நாள்; பௌத்த முறைப்படி இறந்தவரை வழியனுப்பும் சடங்கு நாள். உறவினர் வசதிக்காக அச்சடங்கை முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்த்திக்கொள்வது ஊர் வழக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிப் பேருந்தை ஒரு நிமிடம் முந்தாமலும் பிந்தாமலும் ஓட்டி ஓய்வு பெற்ற நொகாமி அதற்கு உடன்படவில்லை. கறுப்பு உடையில் வந்திருந்த பதினான்கு பேரும் தத்தம் உணவுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினர். துறவி படிக்கட்டின் எட்டாம் படியில் நின்று, சூத்திரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து ஓதி முடித்தார்.

இத்தண்ணீரின் தன்மை பின்வருமாறு. அது நாள்தோறும் இரண்டு பத்துக்கு வந்து நான்கு மணிக்குப் போயிற்று. கதவு திறந்திருந்தாலும் வாசற்படியைத் தாண்டித் தெருவில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. வாசலில் கண்ணாடிச் சுவரைப் போல நிமிர்ந்து நின்றது. விரும்பியவர் கையை உள்ளே விட்டு எடுக்கலாம். வடிந்த பின் சுவரில் ஈரமோ கறையோ சேறோ இருக்கவில்லை. தபால்காரர் ஒரு வாரத்துக்குள் தம் சுற்றை மாற்றிக்கொண்டு ஒன்றரை மணிக்கு அத்தெருவை முடித்தார். எரிவாயு உருளை கொண்டு வருபவர் காலையில் வந்தார். இவற்றையெல்லாம் இரு வாரங்களில் ஊர் பழகிக்கொண்டது. பழகிக்கொள்ளாதவர் நொகாமி ஒருவரே.

அதன் காரணத்தை அறிய ஆகஸ்டு இருபத்தொன்றாம் நாளுக்குத் திரும்ப வேண்டும். அன்று மேல்நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறக்கப்பட்டு, ஊரின் தாழ்ந்த பாதி நீரில் மூழ்கிற்று. நொகாமி ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும் வகுப்புக்காகப் பக்கத்து நகரில் இருந்தார். மாலையில் அவர் திரும்பியபோது தண்ணீர் வடிந்துவிட்டது. கினுயோ சமையலறைத் தரையில் சேற்றில் கிடந்தார். மருத்துவர் வந்து, வயதையும் பழைய மாத்திரைகளையும் பார்த்து, இதயம் நின்றதாக எழுதினார். மறுநாள் உடலைப் பார்க்க ஊரார் வருவார்கள். வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் வீடு சேறாக இருக்கலாமா? நொகாமியும் தோக்கியும் தெருவார் அறுவரும் சேர்ந்து சேற்றை அள்ளினர். தரையில் பதித்திருந்த பாய்களைப் பெயர்த்து எறிந்தனர். சுவரில் பழுப்புக் கோடாக நின்ற நீர்மட்டத்தைச் சோப்புத்தூள் போட்டுத் துணியால் தேய்த்து எடுத்தனர். சமையலறைச் சுவரைத் தேய்த்தவர் தோக்கி. விடியும்போது கீழ்க்கரைத் தெருவிலேயே மிகத் தூய்மையான வீடு அதுவாக இருந்தது. பதினோராம் நாள் ஊராட்சி அலுவலகத்தின் இடர் பிரிவிலிருந்து ஒகாபே என்னும் அலுவலர் வந்து, வாசலில் நின்றபடியே வெள்ளைச் சுவரை மூன்று நிமிடம் பார்த்து, ‘தரைக்குக் கீழ் மட்டுமே நீர்’ என்று எழுதிச் சென்றார். தரைக்குக் கீழ் மட்டுமே நீர் இருந்த வீட்டில் ஒருவர் வெள்ளத்தில் இறந்திருக்க முடியாது. ஆகவே ஊரார் எழுப்பவிருந்த நினைவுக்கல்லில் நான்கு பெயர்கள் மட்டுமே இடம் பெறும். கினுயோவின் பெயர் இராது. அந்த நால்வரும் ஆற்றையும் வயலையும் பார்க்க வெளியே போனவர்கள். எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்தது, போகக்கூடாத இடத்துக்குப் போனவரே இறந்தனர் என்பது அலுவலகத்தின் அறிக்கை. தம் வீட்டுச் சமையலறையில் மூழ்கிய ஐந்தாமவர் ஒருவர் அந்த அறிக்கைக்கு வேண்டப்படாதவர்.

நொகாமி மேல்முறையீட்டுப் படிவத்தை நிரப்பினார். கள ஆய்வுக்காலம் முடிந்தது, இனிப் புகைப்படச் சான்று மட்டுமே ஏற்கப்படும் என்று விடை வந்தது. அவரிடம் ஒரு படமும் இல்லை. அவர் தம் வாழ்நாளில் படம் எடுத்ததில்லை. பள்ளிச் சுற்றுலாப் படங்கள் அனைத்திலும் பேருந்தின் அருகே விறைப்பாக நிற்பவர் அவர். ஆனால் அவர் வீட்டில் நாள்தோறும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அக்டோபர் இருபதாம் நாள் அவர் ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள கடையில், பன்னிரண்டாயிரத்து எண்ணூறு யென்னுக்கு ஒரு டிஜிட்டல் கேமராவையும், தொடக்கநிலையாளருக்கான இருநூற்றுப் பன்னிரண்டு பக்க வழிகாட்டி நூல் ஒன்றையும் வாங்கினார். நூலின் ஒவ்வொரு பாடத்தின் முகப்பிலும் தொப்பி அணிந்த முயல் ஒன்று நின்று, ‘பயப்படாதீங்க, சிரிச்சுக்கிட்டே கத்துக்கலாம்’ என்றது. நொகாமி கறுப்புப் பேனாவை எடுத்து, நூல் முழுவதிலும் இருபத்தாறு இடங்களில் அந்த முயலின் வாயை மட்டும் மையால் அடைத்தார். முதற்பாடம் ‘எதைப் படம் எடுக்கப் போகிறோம்?’ என்ற தலைப்பில் முழுக்க முழுக்க முயலே பேசுவதாக அமைந்திருந்தது. அறுபத்தேழு வயதுக்காரருக்கு அது தேவையற்றது என்று முடிவு செய்து, அவர் இரண்டாம் பாடத்திலிருந்து தொடங்கினார்.

இரண்டாம் பாடம் கேமராவைப் பிடிக்கும் முறை. முழங்கைகளை விலாவோடு ஒட்ட வைக்க வேண்டும். மூச்சைப் பாதி வெளியே விட்டு நிறுத்த வேண்டும். விரலால் குத்தாமல் மெல்ல அழுத்த வேண்டும். மனம் அமைதியாக இருத்தல் நலம். நொகாமியின் மனம் அமைதியாக இருக்கவில்லை. கோபம் அவருடைய கைகளுக்குள் ஓடும் பேருந்தின் இஞ்சினைப் போல இடைவிடாது அதிர்ந்தது. தேநீர்க் கோப்பையைத் தொட்டால் கோப்பை ஒலித்தது. அவர் தோக்கியின் கடை நாற்காலியில் அமர்ந்தால் அலமாரியிலிருந்த கத்தரிக்கோல்கள் ஒன்றோடொன்று மோதின. படிக்கட்டில் நின்று அவர் நடைக்கூடத்து நீரை எடுத்த முதல் நாற்பது படங்களும், புகையைப் படம் பிடித்தாற்போல் அமைந்தன. அலுவலகம் அவற்றை ‘உறுதிப்படுத்த இயலவில்லை’ என்ற முத்திரையோடு திருப்பியது.

நவம்பரில் ஃபிளாஷைப் பயன்படுத்தினார். ஒளி நீரில் பட்டுத் தெறித்து, படத்தில் ஒரு வெண்மையான கோளம் மட்டும் தெரிந்தது. அறுபத்தோராம் பக்கத்தைப் படித்து, ஃபிளாஷை அணைக்கக் கற்றார். டிசம்பரில் கேமரா நீரின் மேற்பரப்பை விட்டு அதில் பிரதிபலித்த கூரையை ஃபோகஸ் செய்தது. கூரையின் மரக்கணுக்கள் மிகத் தெளிவாக விழுந்தன. சனவரியில், முப்பத்து நான்கு ஆண்டுகள் பேருந்தைக் கழுவிய பொறுமையோடு அனைத்தையும் திருத்தி, அளவுகோலையும் தூணில் கட்டி, கூர்மையான படம் ஒன்றைப் பெற்று அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றார். ஒகாபே முப்பத்தெட்டு வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர், எவருடைய கண்ணையும் பார்க்காதவர். அவர் படத்தின் ஓரத்தை நகத்தால் தொட்டார்.

“நொகாமி சான், மன்னிச்சிடுங்க. இதுல தேதி 2008, ஜனவரி ஒண்ணுன்னு இருக்கு.”

“வாங்கினப்போ அதுவே அப்படித்தான் இருந்துச்சு.”

“எங்க கோப்பு தேதியைத்தான் பாக்கும். கோப்புப்படி உங்க வீட்ல வெள்ளம் ஆறரை வருஷம் முன்னாடியே வந்துடுச்சு.”

நொகாமி வீடு திரும்பி, நிலையக் கடிகாரத்தின் வினாடி முள்ளோடு ஒத்துப் பார்த்துக் கேமராவின் நேரத்தைத் திருத்தினார். முப்பத்து நான்கு ஆண்டுகள் நேரத்தின் மேல் வாழ்ந்த ஒருவர் செய்யக்கூடாத பிழை அது. அந்தப் பிழைக்காக அவர் தம்மையே ஒரு வாரம் ஏசினார். பிப்ரவரியில், சரியான தேதியோடு, சரியான ஒளியோடு, நூற்று அறுபத்து நான்கு என்ற எண் குழந்தையும் படிக்கத்தக்க தெளிவோடு, வழிகாட்டி நூலின் அட்டையிலேயே போடலாம் என்று சொல்லத்தக்க படம் ஒன்று அமைந்தது. ஒகாபே அதை நெடுநேரம் பார்த்தார். படம் மிக நன்றாக இருப்பதாகவும், ஆனால் தேதி 2015 பிப்ரவரி என்பதால் இது பிப்ரவரி மாதத்துத் தண்ணீர் என்றும், ஆகஸ்டு வெள்ளத்துக்கு இதனைச் சான்றாக ஏற்க விதியில்லை என்றும் மேசையைப் பார்த்துக்கொண்டே தெரிவித்தார். பிப்ரவரி வெள்ளத்துக்குத் தனிப் படிவம் உண்டென்றும் சொன்னார்.

அன்று நொகாமி நடந்து வந்த வழியில் கடைகளின் கண்ணாடிகள் வரிசையாக அதிர்ந்தன. மீன்கடையில் பனிக்கட்டி சரிந்தது. தோக்கி தம் கடை வாசலிலேயே அவரை நிறுத்தி நாற்காலியில் தள்ளி உட்கார வைத்து, கழுத்தில் துணியைக் கட்டினார். கத்தி கையில் இருக்கும்போது எவரும் எழுந்து போக முடியாது என்பது அத்தொழிலின் வசதி.

“ஏன்யா ஷிகே, நாலு மாசமா படம் எடுக்குற. என்னத்தய்யா எடுக்குற?”

“தண்ணியத்தான்.”

“நடைத் தண்ணிய. படிக்கட்டுல பத்திரமா நின்னுக்கிட்டு. கினுயோ நடையிலயா செத்தா?”

கண்ணாடியின் முன்னிருந்த சீப்புகள் அதிர்ந்தன.

“சமையலறைச் சுவர நான்தான் தேச்சேன். இந்தக் கையாலதான். அந்தக் கோட்ட அழிச்சது நானு. தினமும் ரெண்டு முப்பத்தஞ்சுக்கு உன் சமையலறையில ஊர் ரேடியோ பேசுதே, அது உனக்குக் கேக்கலயா? எனக்குக் கேக்குது. கேட்டுக்கிட்டே அடுத்தவன் கழுத்துல கத்தி வைக்கிறேன். நீ என்னடான்னா நடையில நின்னு செருப்பு மிதக்குறத எடுத்துக்கிட்டிருக்க.”

உண்மை அதுவே. இத்தண்ணீர் வரும்போது ஆகஸ்டு இருபத்தொன்றாம் நாளின் சமையலறையையும் தன்னோடு கொண்டுவந்தது. நொகாமி சேற்றோடு எறிந்துவிட்ட சோற்றுப்பானை மூடியும், கினுயோவின் ஒற்றைச் செருப்பும் நாள்தோறும் நடைக்கூடத்துக்கு மிதந்து வந்து, நான்கு மணிக்குத் திரும்பிச் சென்றன. ஆனால் ஆகஸ்டுக்குப் பின் அந்த நேரத்தில் அவர் சமையலறைக் கதவைத் தாண்டியதில்லை. அன்று மாலை அவர் தாம் விட்டுவிட்ட முதற்பாடத்தைப் படித்தார். படம் எடுப்பவர் முதலில் தம் முதன்மைப் பொருள் எது என்று முடிவு செய்ய வேண்டும். அதை முடிவு செய்யாதவர் கருவியை எவ்வளவு கற்றாலும் பயனில்லை. பலர் முதன்மைப் பொருளுக்கு அஞ்சி அதன் அருகிலுள்ளதை எடுக்கின்றனர் என்று, வாயடைக்கப்பட்ட முயல் கூறியிருந்தது. நொகாமி முயலின் மேல் மேலும் கோபம் கொண்டார். எனினும் அப்பாடத்தை மனப்பாடம் செய்தார்.

மார்ச் முதல் மே வரை, ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கே சமையலறையில் போய் நின்றார். இரண்டு பத்துக்குத் தண்ணீர் அவரைச் சுற்றி எழும்பும். ஆகஸ்டுத் தண்ணீராதலால் அது வெதுவெதுப்பாக இருக்கும். நொகாமியின் உயரம் நூற்று அறுபத்திரண்டு. முதல் நாள் மூழ்கி, நீந்தி வெளியேறினார். இரண்டாம் நாள் காலில் ஒரு மரமுக்காலி தட்டுப்பட்டது. கினுயோ அங்கே இல்லை. இதைத் தெளிவாகக் கூறவேண்டும். ஆகஸ்டில் அவர் எதன் மேல் நின்றாரோ அது மட்டும் இருந்தது. முக்காலி, ஊராட்சி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்துச் சுவரில் மாட்டச் செய்த அறிவிப்பு வானொலியின் நேர் கீழே வைக்கப்பட்டிருந்தது. அவ்வானொலியின் மேல் ஒட்டியிருந்த தாளில், ஆண்டுதோறும் பயிற்சி நாளில் அனைவரும் உரக்கப் படிக்கும் வாக்கியம் இருந்தது: ‘அறிவிப்பு வரும் வரை கருவியின் அருகில் காத்திருக்கவும்.’ நூற்று நாற்பத்தொன்பது சென்டிமீட்டர் உயரமுள்ள கினுயோ, முப்பது சென்டிமீட்டர் முக்காலியின் மேல் ஏறி, வாய் மட்டும் நீருக்கு மேலே இருக்க, ஊராட்சி என்ன சொல்லும் என்று காத்திருந்தார். மாடிப்படி பன்னிரண்டு அடி தொலைவில் இருந்தது. மாடிக்குப் போகுமாறு கருவி இன்னும் சொல்லவில்லை.

நொகாமி அந்த முக்காலியின் மேல் ஏறி நின்றார். இரண்டு முப்பத்தைந்துக்கு வானொலியின் சிவப்பு விளக்கு வினாடிக்கு ஒரு முறை மினுங்க, ஓர் ஆணின் குரல் பேசிற்று: இன்னும் சிறிது நேரத்தில் மதகுகள் திறக்கப்படக்கூடும், தாழ்வான பகுதியில் வசிப்போர் மாடிக்குச் செல்ல ஆயத்தமாகுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். தண்ணீர் அப்போது அவருடைய மார்புக்கு மேல் நின்றது.

இனி எடுக்கவேண்டிய படம் எது என்பதில் ஐயமில்லை. அருகில் அளவுகோல், நடுவில் எரியும் விளக்கோடு வானொலி, தொலைவில், எதிர்ச்சுவரில், கினுயோ அன்று காலை கிழித்துவிட்ட நாள்காட்டியில் ‘ஆகஸ்டு 21, வியாழன்’; கேமரா எந்தத் தேதியை இட்டாலும் இது எந்த நாளின் தண்ணீர் என்பதை அது சொல்லும். மூன்றும் ஒருசேரத் தெளிவாக விழவேண்டுமாயின் லென்ஸின் ஒளித்துளையைச் சுருக்க வேண்டும் என்று எழுபத்தெட்டாம் பக்கம் கூறுகிறது. ஒளித்துளை சுருங்கினால் உள்ளே வரும் ஒளி குறையும். ஆகவே ஷட்டர் நெடுநேரம் திறந்திருக்க வேண்டும். அந்த இருண்ட சமையலறைக்கு அது ஒரு முழு வினாடி. விளக்கு வினாடிக்கு ஒரு முறையே மினுங்குவதால், அதற்குக் குறைந்த நேரத்தில் எடுத்தால் விளக்கு அணைந்த கருவியே படத்தில் விழக்கூடும். ஆக, முக்காலியின் மேல், நீருக்குள், கையில் கேமராவோடு, ஒரு வினாடி நேரம் அசையாது நிற்கவேண்டும். இரண்டரை மாதம் அது முடியவில்லை. தோக்கி தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்: தாமும் கோபக்காரிதான், ஐம்பது ஆண்டாகக் கோபத்தோடுதான் சவரக்கத்தி பிடிக்கிறார், கோபத்தை விட்டால்தான் கை நிற்கும் என்பது பொய், கோபத்தை முழங்கைக்கு மேலே நிறுத்திவைக்க வேண்டும், அவ்வளவுதான். வழிகாட்டி நூலில் இது இல்லை. நொகாமி அதன் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

மே பத்தொன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, பாதி மூச்சை விட்டு, மீதியை நிறுத்தி, கோபம் முழுவதையும் தோளில் ஏற்றிவைத்து, அவர் அழுத்தினார். தண்ணீரில் ஒரு சுருக்கமும் எழவில்லை. தெருவில் எந்தக் கண்ணாடியும் ஒலிக்கவில்லை. படத்தில் யாவும் கூர்மையாக இருந்தன. விளக்கு சிவப்பாக எரிந்தது.

சூன் நான்காம் நாள், வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு அவர் படத்தை ஒகாபேயின் மேசையில் வைத்தார். ஒகாபே அன்று முதன்முறையாக ஒருவரின் கண்ணைப் பார்த்தார்.

“ரெண்டு முப்பத்தஞ்சு. இந்த விளக்கு எரியுறப்போ பேசுறது என் குரல்.”

“தெரியும். தினமும் கேக்குறேன்.”

“மதகு ஒண்ணு நாப்பதுக்கே திறந்துட்டாங்க. ஒண்ணு நாப்பத்தஞ்சுக்கு நான் அறிவிப்ப எழுதி முடிச்சிட்டேன். மூணு மேசை முத்திரை வேணும். ஒருத்தர் கூட்டத்துல, ஒருத்தர் நூடுல்ஸ் சாப்பிடப் போயிட்டார், இன்னொருத்தர் ஒரு வார்த்தைய மாத்தச் சொன்னார். ‘திறக்கப்படும்’னு எழுதியிருந்தேன். ‘திறக்கப்படக்கூடும்’னு மாத்தினேன்.”

“அம்பது நிமிஷம்.”

“அம்பது நிமிஷம்.”

ஒகாபே திருத்தப் படிவத்தை எடுத்து, ஐந்தாவது பெயராக நொகாமி கினுயோ என்று எழுதி, தம் முத்திரையைப் பதித்தார். அப்படிவத்துக்கும் மூன்று மேசைகளின் முத்திரை தேவை. நொகாமி கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னே வைத்துக்கொண்டு காத்திருப்போர் நாற்காலியில் அமர்ந்தார். முதல் மேசை பதினொன்றரைக்கு முடிந்தது. இரண்டாம் மேசை உணவு இடைவேளைக்குப் பின் ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. மூன்றாம் மேசைக்குரிய பொதுப்பிரிவுத் தலைவர், படிவத்தில் ‘மூழ்கி’ என்ற சொல்லுக்கு மாற்றாக மென்மையான சொல் ஏதும் உண்டா என்று பரிசீலித்துக்கொண்டிருந்தார். இரண்டு பத்துக்குத் தானியங்கிக் கதவு திறந்து, தண்ணீர் உள்ளே வந்தது.

நொகாமியின் கைப்பேசி ஒலித்தது. தோக்கி பேசினார்.

“ஷிகே, இன்னிக்கு உன் வீட்டுக்கு வரல. அங்க வந்துச்சா?”

“இப்பதான் கதவு திறந்துச்சுக்கா.”

ஊழியர்கள் கணினிகளை அலமாரிகளின் மேல் ஏற்றிவிட்டு மேசைகளின் மேல் ஏறி நின்று பணியைத் தொடர்ந்தனர். பிறப்புச் சான்று கேட்டு வந்த ஒருவருக்கு அது முறைப்படி வழங்கப்பட்டது. எவரும் கூச்சலிடவில்லை; எவரும் மாடிக்கும் போகவில்லை, அறிவிப்பு எதுவும் வராததால். நொகாமி கேமராவையும் அளவுகோலையும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நாற்காலியின் மேல் ஏறி நின்றார். நூற்று அறுபத்து நான்கில் நீர் நின்றது. பொதுப்பிரிவுத் தலைவர் மேசையின் மேல் நின்றபடி, முத்திரை மையில் தண்ணீர் பட்டால் ஆவணம் செல்லாது என்று கூறினார். ஒகாபே மைப்பெட்டியை ஒரு கையிலும் படிவத்தை மறுகையிலும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கழுத்தளவு நீரில் அவர் முன் சென்று நின்றார். அங்கேயே நின்றார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் நின்றார். இறுதியில் அந்தச் சொல் மாற்றப்படாமலேயே முத்திரை விழுந்தது. விழுந்த கணத்தில் தண்ணீர் கதவு வழியே வெளியேறிற்று. அப்போது மூன்று மணி நாற்பத்தேழு நிமிடம். அது தன் வழக்கத்துக்குப் பதின்மூன்று நிமிடம் முன்னதாகப் போனது அன்று ஒரு நாள் மட்டுமே. அதன் பின் அது நொகாமியின் வீட்டுக்கும் வரவில்லை, வேறெங்கும் வரவில்லை. ஆகஸ்டில் கல் எழுப்பப்பட்டபோது அதில் ஐந்து பெயர்கள் இருந்தன. ஒகாபே வேலையை விட்டார், இப்போது நொகாமியின் பழைய தடத்தில் பேருந்து ஓட்டுகிறார், பிந்துவதில்லை. நொகாமியின் கோபம் குறையவில்லை. தோக்கியின் கடையில் இன்றும் அவர் உட்காரும்போது சீப்புகள் அதிர்கின்றன. வாடிக்கையாளர்கள் அவற்றைக் கையால் பிடித்துக்கொள்கின்றனர்.

ஆனால் அன்று அலுவலகத்தில் இன்னும் ஒன்று எஞ்சியிருந்தது. இம்முறை தண்ணீர் சுவரில் தன் கோட்டை விட்டுச் சென்றிருந்தது: நான்கு சுவர்களையும் சுற்றி, பழுப்பாக, நேராக. பொதுப்பிரிவுத் தலைவர் அதைப் பார்த்து, நாளை காலை பொதுமக்கள் வருவார்கள், அதற்குள் சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைவூட்டினார். ஊழியர்கள் வாளிகளும் துணிகளும் சோப்புத்தூளும் எடுத்து வந்தனர். நொகாமி நாற்காலியிலிருந்து இறங்கினார்.

“யாரும் துடைக்காதீங்க. முதல்ல படம்.”

துணிகள் கைகளிலேயே நின்றன. அவர் அளவுகோலைச் சுவரோடு சேர்த்துப் பிடிக்குமாறு பொதுப்பிரிவுத் தலைவரிடம் கொடுத்தார், அவர் பிடித்துக்கொண்டார். ஃபிளாஷை அணைத்தார். முழங்கைகளை விலாவோடு ஒட்டினார். பாதி மூச்சை வெளியே விட்டு, மீதியை நிறுத்தினார். அப்படத்தின் கீழ் மூலையில் தேதியும் நேரமும் தெளிவாகப் பதிவாகியுள்ளன: 2015, சூன் 4, பிற்பகல் 3 மணி 58 நிமிடம்.